வோட்டில்லாத தெருவால் போன கோடு

1. பாதை

“கதவைச் சாத்திட்டு வாங்கக்கா,” என்றார் ரகு. நல்ல செய்திக்கு அவர் ஒருநாளும் கதவைச் சாத்தச் சொன்னதில்லை.

மெல்பேர்னில் ஒரு சின்ன மேப்பிங் நிறுவனத்தில் ஓய்வுபெறும் வரை வேலை செய்தேன். ரகு என் மேலாளர், சென்னைக்காரர், என்னைவிட இளையவர். நகரசபைகளுக்கு மேப் கீறுவதுதான் எங்கள் அன்றாடப் பிழைப்பு. மாநிலத் தொகுதி எல்லைகளைத் திருத்தும் காலம் வந்தால் கட்சிகளும் வந்து சேரும். எல்லையை முடிவு செய்வது ஒரு சுயாதீனக் குழு. ஆனாலும் யாரும் தங்கள் யோசனையை, உள்ளே சேர்க்கும் இடங்கள் ஏன் ஒரே சமூகம் என்ற விளக்கத்தோடு, மேப்பாகக் கொடுக்கலாம். ஒரு கட்சிக்கு நாங்கள் அந்த மேப்பைச் செய்துகொண்டிருந்தோம்.

அவர்களுக்கு வோட்டு விழும் ஒரு புதுக் குடியிருப்பு, அவர்கள் குறிவைத்த தொகுதிக்கு வெளியே கிடந்தது. இடையில் நோபல் பார்க் என்ற புறநகரின் நாலைந்து தெருக்கள்.

“இந்தத் தெருவெல்லாம் உள்ள இழுத்துட்டா நேரா அங்க போயிடலாம். வீடு நிறைய இருக்கு, ரோல்ல பேரு கம்மி. நம்ம நம்பர் ஏறவே ஏறாது,” என்றார் ரகு.

தொகுதிகளைச் சமப்படுத்தும்போது எண்ணுவது ஆட்களை அல்ல, வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர்களை. அந்தத் தெருக்களில் இருப்பது இலங்கையிலிருந்து படகில் வந்த எங்கள் சனம். வருடக்கணக்காகத் தற்காலிக விசா, வோட்டில்லை. கோட்டுக்கு இதைவிட வசதியான பாதை கிடைக்காது.

“கீறித் தாறன் ரகு. ஆனா இது ஒரே சமூகம் எண்டு விளக்கம் எழுத என்னைக் கேக்காதேங்கோ.”

“சரி, நானே எழுதிக்கிறேன்,” என்றார்.

2. யோகன்

யோசனைகள் எல்லாம் இணையத்தில் வெளியானபின், பொது விசாரணை வரப்போகிறது என்று சொல்ல, எனக்குப் பழக்கமான யோகனிடம் போனேன். அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் அவர் இருந்தார். கோழித் தொழிற்சாலையில் வேலை. அவருடைய விசாவுக்காக உள்ளூர் மாநில எம்பியின் அலுவலகம் மத்திய அரசுக்கு விடாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. கோடு மாறினால் யோகன் பக்கத்துத் தொகுதிக்காரர். அங்குள்ள எம்பி படகில் வந்தவர்களைப் பற்றி என்ன பேசுவார் என்று நாங்கள் டிவியில் கேட்டிருக்கிறோம்.

“அக்கா, வோட்டில்லாதவன் போய்க் கதைக்கலாமோ?”

“ஓம், ஆரும் கதைக்கலாம்.”

“அதால விசாவுக்கு ஏதும் வந்திட்டால்?”

வராது என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்வது? விசாரணையின் நாளையும் இடத்தையும் எழுதிக் கொடுத்தேன்.

3. விசாரணை

பக்கத்து ஊரான ஸ்பிரிங்வேலில் பொது விசாரணை. நான் ரகுவின் பக்கத்தில், எங்களுக்கு முன்வரிசையில் கட்சிக்காரர். யோகன் வேலைச் சப்பாத்தோடேயே வந்துவிட்டார். எழுந்து ஆங்கிலத்தில் தொடங்கினார். இரண்டாம் வசனத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த தொப்பியைப் பிசைந்தார்.

மொழிபெயர்க்க யாராவது உண்டா என்று குழுவின் தலைவி கேட்டார். நான் எழுந்தேன்.

“அக்கா, உக்காருங்க. க்ளையன்ட் பாக்குறாரு,” ரகு என் சட்டைக் கையைப் பிடித்தார்.

கையை விடுவித்தேன். இந்த மேப்பைக் கீறியவளே நான்தான் என்று முதலில் சொன்னேன். கட்சிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். வேறு ஆளில்லாததால் தொடரும்படி தலைவி சொன்னார். பிறகு யோகனிடம், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்டார்.

“இல்லை. எனக்கு வோட்டில்லை. ஆனா என்ரை பிள்ளை இஞ்சத்தை ஸ்கூலிலை படிக்குது. எனக்காகக் கடிதம் எழுதுற ஒபிசும் இஞ்சதான். அந்தப் புது வீட்டுச் சனத்தைப் பிடிக்கிறதுக்கு எங்கடை தெருவாலை ஏன் போறியள்?”

ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

இறுதி மேப்பில் அந்தப் பாதை இல்லை. எனக்கும் அதன்பின் கட்சி வேலை இல்லை. ரகு என்னை வடிகால் மேப்பில் போட்டார். அதில் எனக்கு ஒரு குறையுமில்லை, தண்ணீர் எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை.

மேப் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். திரையில் வெறுமையாகத் தெரியும் தெருவுக்கு ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள்.

அடுத்த தேர்தலில் வோட்டுப்போட, எங்கள் வாக்குச்சாவடியான யோகனின் பிள்ளை படிக்கும் ஸ்கூலுக்குப் போனேன். வாசலில், தேர்தல் நாட்களில் இங்கே வழக்கமான, ஸ்கூலுக்குக் காசு சேர்க்கும் பெற்றோரின் பாபிக்யூ. புகைக்குள் நின்று யோகன் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். பாணில் சொசேஜ் வைத்து நீட்டினார்.

“போட்டிட்டியளோ அக்கா?”

“ஓம், போட்டிட்டன்.”

“நல்லது,” என்றுவிட்டு வரிசையில் அடுத்த வாக்காளருக்குப் பாணை எடுத்தார்.