கறுப்பு வெள்ளையில் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் கிங்ஸ்டன் உயிரோடுதான் இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் இன்னும் நாலைந்து பேர் என்னைக் கண்டால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "தைரியமா இரு கெசியா" என்கிறார்கள். எனக்கு வரும் ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அவருக்கு நாற்பத்தொரு வயது. பகலில் சைக்கிள் உதிரிபாகக் கடையில் வேலை. கல்யாண ரிசப்ஷன்களில் கீபோர்டு வாசிப்பார். பதினாறு வருஷமாக மேடை ஓரத்தில், அலங்கார வளைவுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில்தான் அவருக்கு இடம். வாசிப்பது முழுக்க அடுத்தவர் பாட்டு. போட்டோ எடுக்கிறவர்கூட இவர் தலை விழாதபடி நகர்ந்துகொள்வார். அவருக்கு ஒரே ஓர் ஆசைதான். தான் போட்ட பாட்டுக்கு ஜனங்கள் எழுந்து ஆட வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு தடவை போதும் என்பார்.

அதற்காகப் போன வருஷம் ஐந்து பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடி ஓர் ஆல்பம் செய்தார். பெயர் 'ஏழு நாப்பது'. நான் சீவலப்பேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணத்துக்கு முந்தி நான் போகிற ஏழு நாற்பது டவுன் பஸ்ஸில் ஒரு வேலையும் இல்லாமல் இவரும் ஏறி உட்கார்ந்து வருவார். முதல் பாட்டே அந்தக் கதைதான். "ஏழு நாப்பது வந்தாச்சு, இடம் போட்டு வச்சாச்சு, ஏறி வா, ஏறி வா" என்று போகும். கேட்டால் கால் சும்மா இருக்காது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அட்டைப் படம் செய்தது என் தம்பி பெனோ. பெங்களூரில் விளம்பரக் கம்பெனியில் இருக்கிறான்.

"கலர் கலராப் போட்டா குத்துப்பாட்டுன்னு நினைப்பாங்க அத்தான். இது பாப். சிம்பிளா இருந்தாத்தான் மதிப்பு" என்றான். இவருக்கு மச்சினன் சொன்னால் வேதவாக்கு.

கறுப்பு வெள்ளையில் இவர் முகம் மட்டும். கண் பாதி மூடியிருந்தது. கீழே பெயர், ஏழு நாப்பது, சனிக்கிழமை மாலை ஐந்து மணி, வெளியீடு நடக்கிற ஹாலின் பெயர். அவ்வளவுதான். பாட்டு என்றோ ஆல்பம் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. "தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும்க்கா" என்றான் மகராசன். அதையே போஸ்டர் அடிக்கச் சொல்லி பெங்களூரில் இருந்தே இங்கே உள்ள அலி அஸ்கர் அச்சுக் கடைக்கு அனுப்பியும் விட்டான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பால் வாங்கப் போனேன். தெருமுனைச் சுவரில் ஈரம் காயாமல் அந்த போஸ்டர். நாலு மூலையிலும் வெள்ளை ரோஜா. நடுவில் என் வீட்டுக்காரர்.

அவரைக் குறட்டை விட்டபடியேதான் படுக்கையில் விட்டு வந்தேன். போஸ்டரில் இந்தப் படம் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அரை நிமிஷம் அந்தத் தெருமுனையில் நான் கைம்பெண்ணாக நின்றேன். பிறகு பால் செம்பை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். இவர்தான் கதவைத் திறந்து, "என்னட்டி, பேயைக் கண்டியா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஏழு மணிக்கு ஞானசிகாமணி அண்ணாச்சி வந்தார். சர்ச் பாடகர் குழுவில் மூத்தவர். அவர் கையில் பெரிய மாலை. கதவைத் திறந்த இவர் கையில் காப்பி.

அண்ணாச்சி குனிந்த தலை நிமிராமல், "நாளைக்கு அஞ்சு மணின்னு போட்டிருக்கே, அது வரைக்கும் எதுக்குடே வைக்கணும்? இன்னைக்கே எடுத்திரலாம்லா" என்றார்.

"யாரை அண்ணாச்சி?"

"நம்ம கிங்ஸ்டனத்தான்" என்று சொல்லி நிமிர்ந்தவர், அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காப்பியை அவருக்கே கொடுக்கும்படி ஆயிற்று.

இவர் அலி அஸ்கருக்குப் போன் போட்டார். இவர் குரலைக் கேட்டதும் அவர் அழுதே விட்டார்.

"அண்ணாச்சி, நீங்களா! அல்லாவே! ராத்திரி மச்சினன் படம் அனுப்புதாரு. முகம் கறுப்பு வெள்ளை. கீழ பேரு, நேரம். உயிர் போனது ஏழு நாப்பதுக்குன்னு நினைச்சேன். அவசரத்துல கண்ணீர் அஞ்சலின்னு எழுத விட்டுப்போச்சுன்னு நினைச்சு, எழுத்துல கை வைக்காம பூ மட்டும் நான் வச்சேன். சாவு போஸ்டர்னா விடியுமுன்னால ஒட்டிரணும்லா!"

அவரை என்ன சொல்லித் திட்டுவது? பெங்களூரில் இருக்கிறவனைத்தான் கிழி கிழியென்று கிழித்தேன்.

சரி, இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சனிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் வெள்ளைச் சேலையில் வந்திருந்தார்கள். ஆள் உயிரோடு மேடையில் நிற்கிறார், மைக்கில் விளக்கமும் சொல்லியாகிவிட்டது. பாட்டைப் போட்டதும் ஒரு கால் அசையவில்லை. "இடம் போட்டு வச்சாச்சு, ஏறி வா" என்ற இடத்தில் பின்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"என்ன உருக்கம்! பரலோகத்தைத்தான் பஸ்ஸுன்னு எழுதியிருக்காரு" என்று ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது டவுன் பஸ்ஸும்மா" என்றேன். அவர் இன்னும் அழுதார்.

அதற்குப் பிறகு அழைப்பு வந்ததெல்லாம் துட்டி வீடுகளில் இருந்துதான். நினைவுக் கூட்டம், அடக்க ஆராதனை, எல்லாவற்றுக்கும் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். பெனோ மஞ்சளும் சிவப்புமாக ஒரு பஸ் படம் போட்டு அட்டையை மாற்றிப் பார்த்தான். ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. தாளம் அதே தாளம், குரல் அதே குரல். ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டால் காது வேறு காதாகிவிடுமா?

இவருடைய அக்கா இன்பமணி மைனியின் மகள் கிறிஸ்டிக்குக் கல்யாணம் வந்தது. சொந்த மருமகள் ரிசப்ஷன், அங்கே எப்படியும் ஆடுவார்கள் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். முதல் நாலு சுரம்தான் வாசித்திருப்பார். மைனி மேடைக்கே ஏறி வந்துவிட்டாள்.

"ஏலே, நல்ல காரியம் நடக்கிற இடத்துல அதை எடுக்காதல. பிள்ளை கண் கலங்குது பாரு."

இவர் கையை எடுத்துவிட்டு வேறு ஏதோ சினிமாப் பாட்டை வாசித்தார். என் நெஞ்சு எரிந்தது. மைனியோடு நான் இரண்டு மாதம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார். "கெசியா, மழுப்பாம சொல்லு. அது சோகப் பாட்டா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாட்டைப் போட்டுக் காட்டினார். அந்தத் தெருமுனைச் சுவர் கண்ணில் வந்தது. "தெரியலையே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

போன மாதம் சீவலப்பேரியில் இருந்து மந்திரமூர்த்தி வந்தார். அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிறாள்.

"அப்பா போயிட்டாரு டீச்சர். தொண்ணூத்திமூணு வயசு. தினம் கீரைக்கட்டோட, அந்த ஏழு நாப்பது திரும்பும்போது அதுலதான் டவுனுக்குப் போவாரு. சார் வந்து அந்தப் பாட்டை வாசிக்கணும்" என்றார்.

இவருக்கு மனசே இல்லை. நான்தான் கூட வருகிறேன் என்று கிளப்பிக்கொண்டு போனேன். சுமை வண்டியில் கீபோர்டை ஏற்றி, பாடைத் தேருக்கு முன்னால் நிறுத்தினார்கள். கல்யாணச் சாவு என்பதால் மேளக்காரர்களும் வந்திருந்தார்கள். இவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் மேளம் சேர்ந்துகொண்டது. மந்திரமூர்த்தி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆட இறங்கினார். பேரன்மார் இறங்கினார்கள், பெண்டுகள் குலவை போட்டார்கள். "ஏறி வா, ஏறி வா" என்று தெருவே பாடியது. நாலு தடவை திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். இவர் கீபோர்டைப் பார்க்கவே இல்லை, ஆடுகிற கால்களைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினோம். எனக்கு முன்னால் ஏறி, கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"ஆடுனாங்கல்லா, கெசியா?"

"ஆடுனாங்க."

"என் பாட்டுக்குத்தான?"

"ஒங்க பாட்டுக்குத்தான்" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை பொங்கிவிட்டது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். சட்டை வழியாகச் சூடு தெரிந்தது.

இவர் என்னையே பார்த்துவிட்டு, "இந்தா, நீயே அழுதியே. சோகப் பாட்டுதான் போல" என்றார்.

தெருமுனையில் போஸ்டர் முன்னால் நின்ற அந்த அரை நிமிஷத்தைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.