பெட்டிக்குப் போகாத ராணி

எங்கள் வீட்டு முன்னறைகள் இரண்டும் மியூசியம். கப்பலில் வேலை பார்த்த அப்பா துறைமுகம் துறைமுகமாக வாங்கிச் சேர்த்த சீனத் தட்டு, பர்மா அரக்குப் பெட்டி, ஜாவா தோல்பாவை எல்லாம் அங்கே. நடுவில், சிவப்புத் துணி விரித்த படிகளில் ஜப்பான் பொம்மைகள். மேல்படியில் ராஜாவும் ராணியும். கொலு என்று நினைத்து வருகிறவர்களில் பாதிப் பேர் சுண்டலைத் தேடுவார்கள்.

அப்பாவுக்கு எப்போதும் ஒரே பேச்சு. "ஜப்பான்ல பொம்பளப்பிள்ளைக இருக்கிற வீட்ல வருசத்துக்கு ஒருவாட்டி இத வைப்பாக. பண்டிகை முடிஞ்சதும் பெட்டில எடுத்து வச்சிரணும். இல்லாட்டி அந்த வீட்டுப் பொண்ணு கல்யாணமாகிப் போக மாட்டாளாம். கிறுக்குப் பயலுக!"

எல்லோரும் சிரித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் சுவரைப் பார்ப்பேன். எனக்கு முப்பத்தாறு வயது. வந்த மாப்பிள்ளைகளை, ஒருத்தன் தூரம், ஒருத்தன் முசுடு என்று அப்பாவே தட்டிக் கழித்திருந்தார். அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆயிற்று. சீட்டுக் கிழிக்க, கண்ணாடி துடைக்க, பாச்சை உருண்டை மாற்ற, எல்லாவற்றுக்கும் நான்தான். தெருமுனைக்குப் போனாலும், "செத்த நேரத்துல வந்துரு தாயி, ஆளு வரும்" என்பார். எந்த ஆள்? எனக்கு மூச்சு முட்டும்.

எங்கள் கிறிஸ்துமஸ் குடில்கூட ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளோடு பரணுக்கு ஏறிவிடும். இந்த ராஜாவும் ராணியும் மட்டும் வருஷம் பூராவும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

போன தவக்காலத்தில் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பொம்மைகளை இறக்கினேன். நான் போனபின் தூசி தட்ட யார் இருக்கிறார்கள்? ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். ராணியைத் தொட்டதும் அப்பா என் கையைப் பிடித்தார்.

"அது இருக்கட்டும் தாயி."

"ஏன்ப்பா? நீங்கதான அவுகளக் கிறுக்குப் பயலுகன்னு சொன்னீக?"

"உங்கம்மா செத்த வருசம் இதுகள வெளிய எடுத்து வச்சேன். நீயும் போயிட்டா நான் என்ன செய்வேன்? அதான் உள்ள வைக்கல."

அடப்பாவி மனுஷா! எனக்கு வந்த ஆத்திரத்தில் ராணியைத் தரையில் போட்டு உடைத்திருப்பேன். ஆனால் அவர் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. விடவேயில்லை.

திங்கட்கிழமை காலை, கோயம்புத்தூர் பஸ் புறப்படும் நேரத்தில், பள்ளிப் பிள்ளைகள் மியூசியத்துக்கு வந்தார்கள். ராணி மேல்படியில் இருந்தாள். அப்பா தன் பேச்சைத் தொடங்கி, 'பெட்டில எடுத்து வச்சிரணும்' வரைக்கும் சொல்லி நிறுத்திக்கொண்டார். மீதியை நான் சொன்னேன்.

"இல்லாட்டி அந்த வீட்டுப் பொண்ணு வீட்ட விட்டுப் போகவே மாட்டா."

பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.