கதிரையை விட்டுக்கொடுத்த தலைவி

எங்கள் வீட்டுத் துயரத்தில் வந்து நின்ற உறவுகளே, அயலவர்களே, என் பிள்ளைகளே,

அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் இந்த நினைவுக் கல்வெட்டுக்கு, என் பிள்ளைகளின் அம்மாவுடைய வாழ்க்கை வரலாற்றை எழுத ஓர் ஆசிரியரை ஒழுங்கு செய்திருப்பதாக மூத்தவன் சொன்னான். நல்ல தமிழில் எழுதுவார் என்றான். நான்தான் மறித்தேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் அச்சகத்துத் தம்பி திருத்தட்டும். ஆனால் செத்தவீட்டில் நடந்த ஒரு காரியத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை எனக்காக இன்னொருவர் எழுத முடியாது.

அன்று பந்தலில் அம்மாவை வைத்திருக்க, மாதர் சங்கத்தின் இப்போதைய தலைவி இரங்கலுரை சொல்ல எழுந்து வந்தார். நான் மைக்கைக் கொடுக்கவில்லை. சனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவின் தம்பி என் காதுக்குள், "அத்தான், செத்தவீட்டில ஆரும் இப்பிடிச் செய்வினமே?" என்று கேட்டார். "அந்தியேட்டிக்குச் சொல்லுறன்" என்றேன். இன்று முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. சொல்லுகிறேன்.

அம்மா பிறந்தது கிளிநொச்சியில், குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றத் திட்டத்தில். அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்து, காடு வெட்டி வயலாக்கியவர். தாயார் நோயாளி. அம்மாதான் மூத்த பிள்ளை. அதனால் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே படிப்பு நின்றுபோனது. வயலுக்குச் சோறு கொண்டுபோவதும், தம்பி தங்கைமாரைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போவதும் அவருடைய வேலை. என்னைக் கலியாணம் பேசி வந்தபோது என்னிடம் ஒரு சைக்கிளும் குத்தகை வயலும்தான் இருந்தன. "சைக்கிளுக்குப் பிரேக் இருக்கோ எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ" என்று தரகரிடம் சொல்லியனுப்பியவர் அவர். பிரேக் இருக்கவில்லை. கலியாணத்துக்கு முதல் நாள்தான் பூட்டினேன்.

இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலம் உங்களுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். தண்ணீர் பவுசர் வண்டி வந்தால் அடிபிடிதான். சத்தம் போடத் தெரிந்தவர்களுக்கு வாளி நிறையும். மற்றவர்கள் வெறும் வாளியோடு திரும்புவார்கள். அம்மா ஒருநாள் போய்க் குழாயடியில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தினார். அன்று சண்டை வரவில்லை. அடுத்த நாளும் அவரையே வந்து நிற்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். "நாளைக்கு நான் காய்ச்சலெண்டு படுத்தா என்ன செய்வியள்? ஒவ்வொரு கூடாரத்தாலயும் ஒராள் மாறி மாறி நில்லுங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்" என்றார். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு வாய் திறவாத பெண்களெல்லாம் குழாயடியில் நின்று, "அக்கா, உங்கட வாளியை அங்கால எடுங்கோ" என்று சொல்லுமளவுக்கு வந்தார்கள். அம்மா ஆட்களை நடத்திய விதம் அதுதான். தானே நின்று செய்தால் சுலபம் என்று தெரிந்தும், மற்றவரை நிறுத்திச் செய்வித்தார்.

மீளக்குடியமர்ந்த பிறகு எங்கள் கிராமத்தில் மாதர் சங்கம் தொடங்கினார்கள். அம்மாவைத் தலைவியாக்கினார்கள். உதவி நிறுவனம் ஒன்று மிளகாய்த்தூளும் அரிசிமாவும் திரிக்க ஒரு மில் போட்டுக் கொடுத்தது. புருசனை இழந்தவர்கள், பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் எனப் பல பெண்கள் அங்கே வேலைக்கு வந்தார்கள். தலைமைத்துவப் பயிற்சி என்று சொல்லி அம்மாவை ஒருமுறை பட்டணத்துக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவரிடம் என்ன படிப்பித்தார்கள் என்று கேட்டேன். "பெரிய தாளில வட்டம் கீறினவை. எல்லாரும் வட்டத்துக்குள்ள நிண்டனாங்கள். மத்தியானச் சாப்பாடு நல்லது" என்றார்.

ஆனால் அதைவிடப் பெரிய பயிற்சி எங்கள் மில்லில் நடந்தது. யாராவது ஒருவர் மிளகாயைக் கருக வறுத்துவிட்டால் அம்மா மற்றவர்களுக்கு முன்னால் ஏசமாட்டார். அடுத்த முறை புதிதாக வருபவர்களுக்கு வறுக்கப் பழக்கும் வேலையை அவரிடமே கொடுப்பார். கருக வைத்தவருக்குத்தான் எந்த இடத்தில் கருகும் என்று தெரியும் என்பார். சங்கத்தின் மாதக் கூட்டத்திலும் அப்படித்தான். தலைவர் கதிரையில் அம்மா இருப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் ஓர் அங்கத்தவரை அதில் இருத்திக் கூட்டத்தை நடத்தச் செய்வார். தான் பின்னால், கடைசி வாங்கில் இருப்பார். உத்தியோகத்தர்கள் வந்தாலும் வேறு ஒருவரைத்தான் முன்னுக்கு அனுப்புவார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. "நீர் பின்னால நிண்டுகொண்டிருந்தா உம்மை ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். "எனக்கு என்னைத் தெரியும். அது காணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனி, நீங்கள் சித்தி என்று கூப்பிட்டவரைப் பற்றி எழுத வேண்டும். அவர் எங்களுக்கு இரத்த உறவு அல்ல. இரண்டு வீடு தள்ளி இருந்தவர். பெயரை நான் எழுதவில்லை. சங்கத்துக்கு வந்த புதிதில் அவருக்கு நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க வராது. அவருடைய முறை வந்த மாதம் அம்மா அவரை எங்கள் குசினிக்குக் கூட்டிவந்து பழக்கினார். என்னைக் கதிரையில் இருத்தி, "இவர்தான் பெரிய உத்தியோகத்தர். இவருக்குச் சங்கத்தைப் பற்றிச் சொல்லு" என்றார். நானும் காலுக்கு மேல் காலைப் போட்டுக்கொண்டு, "முதல்ல தேத்தண்ணியைக் கொண்டாங்கோ, பிறகு கதைப்பம்" என்றேன். அந்தப் பிள்ளை திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தது. பிறகு மெல்ல, "ஐயா, தேத்தண்ணி கூட்டம் முடிஞ்சாப் பிறகுதான்" என்றது. அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி ஊற்றிவிட்டது. நீங்கள் எல்லோரும் ஓடி வந்து என்ன என்று கேட்டீர்கள்.

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் ஒருவர். உங்களுக்கு அம்மை போட்டபோது வந்து பார்த்தவர். அவருடைய மகனுக்கு ஏடு தொடக்கி முதலெழுத்து எழுதுவித்தபோது மடியில் வைத்திருந்தவர் அம்மா.

சில வருடங்களுக்குப் பிறகு, மில்லைப் பெரிதாக்கி அதற்கு ஒரு முகாமையாளரை நியமிக்கப் போகிறார்கள் என்றும், சங்கத்தின் தலைவியையே அந்தப் பதவியில் போடுவார்கள் என்றும் கதை வந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்ததால் அவர்கள் கதைத்தது எனக்குக் கேட்டது.

"அக்கா, நாளைக்குக் கூட்டத்தில நான் ஒரு விசயம் சொல்ல வேணும். பயமாயிருக்கு" என்றார் சித்தி.

என்ன விசயம் என்று அம்மா கேட்கவில்லை. ஒருவர் கூட்டத்தில் சொல்ல நினைப்பதை முன்கூட்டியே கேட்டறிவது சரியல்ல என்பது அவருடைய எண்ணம். "சொல்ல வேண்டியதை முதல் வசனத்திலேயே சொல்லிப்போடு. சுத்தி வளைச்சா ஆக்கள் நித்திரை கொள்ளுவினம். கடைசி வாங்கில இருக்கிறவையைப் பாத்துக் கதை. உனக்கு நேர இருக்கிறவையைப் பாத்தாத்தான் பயம் வரும்" என்று சொல்லிக் கொடுத்தார். எழும்பி நின்று சொல்லிக் காட்டச் செய்து, கையை எங்கே வைப்பது என்றும் திருத்தினார். சித்தி எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் நான் உழவு மிஷினில் கதிரைகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, மண்டபத்தின் அரைச்சுவருக்கு வெளியே நின்றேன். சித்தி எழுந்தார். முதல் நாள் அம்மா திருத்திய மாதிரியே கையை வைத்துக்கொண்டார்.

"சங்கத்தின்ர யாப்பின்படி அக்கா இப்ப தலைவி இல்லை" என்றார். முதல் வசனமே அதுதான்.

யாப்பு என்றால் சங்கத்தின் விதிகள். தொடங்கிய காலத்தில் வேறொரு சங்கத்தின் யாப்பைப் பார்த்து அப்படியே எழுதி, எல்லோரும் வாசிக்காமல் ஒப்பம் வைத்தது. தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்குத் தலைமை தாங்காத தலைவர் பதவியிழந்தவர் ஆவார் என்று அதில் ஒரு விதி இருந்தது. அக்கா ஒரு கூட்டத்துக்கும் தலைமை தாங்குவதில்லை, இது எல்லோருக்கும் தெரிந்த விசயம் என்று சித்தி கடைசி வாங்கைப் பார்த்துச் சொன்னார். கடைசி வாங்கில் இருந்தவர் அம்மா.

வந்திருந்த உத்தியோகத்தர் புதியவர். அவர் அம்மாவைப் பார்த்து, அது சரியா என்று கேட்டார்.

"ஓம், சரிதான்" என்றார் அம்மா. பொய் சொல்ல அவருக்கு வராது.

இதை மறுப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் உத்தியோகத்தர். பிள்ளைகளே, அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பலர் அந்தக் கதிரையில் ஏறி இருந்தவர்கள். அம்மாவால் கூப்பிடப்பட்டு, கை பிடித்து, அதில் இருத்தப்பட்டவர்கள். ஏன் அவர் தலைமை தாங்கவில்லை என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்? ஒரு கையும் எழும்பவில்லை. ஒருவர் தன் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் பிள்ளைக்கு மூக்குத் துடைத்தார். முகாமில் எங்கள் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதே சித்தியைத் தலைவியாகத் தெரிவு செய்து கதிரையில் இருத்தினார்கள்.

கூட்டம் முடிந்து அம்மாவும் நானும் வீட்டுக்கு வந்தோம். அவர் கால் கழுவிவிட்டுப் படியில் இருந்தார். நான்தான் ஏசத் தொடங்கினேன். அவர் மறித்தார். "அவள் கேட்டதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பதவி வேணுமெண்டா கேக்கத்தான் வேணும். என்னட்டப் பழகிக்கொண்டு போய்க் கேட்டவள், அதுதான் நோகுது" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். "எல்லாரையும் கதிரையில இருக்கப் பழக்கினன். பிழையான இடத்தில எழும்பி 'இல்லை' எண்டு சொல்ல ஒருத்தரையும் பழக்கேல்லை. அது என்ர பிழை."

அது அவருடைய பிழை என்று நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் நீங்கள் அதைக் கேட்டு வையுங்கள். மூத்தவன் இப்போது தனக்குக் கீழே ஆட்களை வைத்து வேலை செய்கிறான். சின்னவளும் நாளைக்கு ஏதாவது பொறுப்புக்குப் போவாள். ஆட்களைப் பழக்குங்கள், அம்மாவைப் போலவே பழக்குங்கள். அதோடு, உங்கள் முகத்துக்கு நேரே "அது பிழை" என்று சொல்லவும் அவர்களைப் பழக்குங்கள்.

அம்மா அதன் பிறகு மில் பக்கம் போகவில்லை. சந்தைக்கும் வாய்க்கால் கரையாலேயே சுற்றிப் போனார். காற்று இந்தப் பக்கம் அடித்து வறுத்த மிளகாய் மணம் வந்தால் எழுந்து யன்னலைச் சாத்துவார். சித்தியும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மில் மூடப்படவில்லை, உண்மையை எழுத வேண்டும். நன்றாகத்தான் நடக்கிறது. புதுக் கூரையும் போட்டிருக்கிறார்கள். ஆனால் மாதக் கூட்டத்தில் கதிரை இப்போது மாறுவதில்லை. தலைமை தாங்கத் தெரியாததால் அம்மாவை நிற்பாட்டியதாக ஊருக்குள் கதை மட்டும் மாறாமல் நின்றுவிட்டது. சின்னவள் அதைக் கேட்டு அழுதுகொண்டு வந்த நாளை நான் மறக்கவில்லை.

பிறகு அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்றார்கள். அது மனக்கவலையால் வந்தது என்று சிலர் சொன்னார்கள். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். இரத்தம் சுத்திகரிக்க பஸ்சில் போய் வந்தோம். கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னவளின் படிப்பைப் பற்றியும் மாட்டுக்கு வைக்கோல் இருக்கிறதா என்றும் கேட்டார். சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

செத்தவீட்டன்று சங்கத்தார் மலர்வளையத்தோடு வந்தார்கள். "எங்களை உருவாக்கிய தலைவி" என்று எழுதிய பதாகையை ஒழுங்கையில் கட்டினார்கள். பிறகுதான் சித்தி மைக்குக்குக் கையை நீட்டினார்.

"அண்ணை, அக்காவைப் பற்றி ரெண்டு வார்த்தை."

"அந்த ரெண்டு வார்த்தை அண்டைக்குக் கூட்டத்தில சொல்லியிருக்க வேணும் தங்கச்சி" என்றேன். "வந்ததுக்குச் சந்தோசம். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. மைக் தரமாட்டன்."

அவர் நன்றாகப் பேசியிருப்பார். எல்லோரையும் அழவும் வைத்திருப்பார். அம்மா பழக்கிய பேச்சை அம்மாவின் தலைமாட்டில் நின்று அவர் வாயால் கேட்க என்னால் ஏலாது. இதுதான் நான் சொல்ல வேண்டியிருந்த பதில். இதைப் பிழை என்று நினைக்கும் உறவுகள் நினைக்கட்டும்.

இனி நன்றி சொல்ல வேண்டும். வைத்தியசாலையில் அம்மாவைத் தங்கள் தாய் போலப் பார்த்த தாதிமாருக்கும், நேரம் பாராமல் ஓட்டோ கொண்டுவந்த தம்பிக்கும், பந்தல் போட்ட வாலிபர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், சமைத்துத் தந்த அயல் வீட்டாருக்கும், தூர இடங்களிலிருந்து வந்தும் தொலைபேசியில் கதைத்தும் ஆறுதல் சொன்னவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த பிறகு, சங்கத்துப் பெண்கள் சிலர் தனித்தனியாக வாசல் படலையடிக்கு வந்தார்கள். அன்று நாங்கள் கையை உயர்த்தியிருக்க வேண்டும், பயந்துபோனோம் என்று என்னிடம் அழுதார்கள். அவர்களுக்கு இங்கே நான் நன்றி எழுதவில்லை. சகோதரிகளே, நீங்கள் இடம் மாறி வந்து சொல்லுகிறீர்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் வருகிறது. அந்த மண்டபத்தில் எழுந்து நின்று, அவர் ஏன் கதிரையில் இருக்கவில்லை என்று சத்தமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வாருங்கள். உங்களுக்கான நன்றியை வாசலில் நின்று நான் நேரே சொல்லுகிறேன்.

பிள்ளைகளின் அப்பா