கன்னத்து நிறம்

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வருஷத்தில்தான் என் இடது கன்னத்தில் அந்த வெள்ளை விழுந்தது. முதலில் பார்த்தது அம்மா. அரிசி மாவு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. கையை எடுத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள்.

எங்கள் வீடு சேலத்தில் குகைப் பக்கம். அப்பாவுக்கு நூல் கடை. அணா போய் நயா பைசா வந்து, அதுவும் பழகிப்போயிருந்த காலம். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். வெள்ளை புளியங்கொட்டை அளவுக்கு வந்தபோது, பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு பின் பலகைக்குப் போய்விட்டாள். அவளுடைய அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்களாம்.

அப்பா என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, இது ஒட்டாது, வலிக்காது, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்றார். போகுமா என்று அப்பா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாமல் கை கழுவப் போனார். அப்பாவுக்கு அவர் சொன்னதில் ஆறுதல். அம்மாவுக்கு அவர் சொல்லாததில் கவலை. யாரோ சொன்னார்கள் என்று கார்போக அரிசி என்கிற மருந்து விதையை அரைத்துப் பூசி என்னை வெயிலில் உட்கார வைத்தாள். சாயங்காலத்துக்குள் கன்னம் கொப்புளித்துவிட்டது. கொப்புளம் ஆறியது, வெள்ளை அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகு யாராவது கிண்ணத்தோடு என் பக்கம் வந்தாலே நான் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

அம்மா கடைசியில் கண்டுபிடித்த வழி பவுடர். கன்னத்தில் மட்டும் பூசினால் தெரிகிறது என்று முகம் முழுவதும் பூசுவாள். வெள்ளைக்கு வெள்ளை சரியாகிவிடும் என்பது அவள் கணக்கு. நான் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி பள்ளிக்கூடம் போவேன். பத்து மணிக்கு வேர்வை இறங்கும்போது கோடு கோடாகக் கறுப்புத் தெரியும்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. எடப்பாடியில் அவளுடைய அப்பா நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருந்தார். அதிகம் பேச மாட்டாள். நிறத்தில் அவளும் நானும் ஒன்று. அக்காவும் அம்மாவும் எங்களைவிட வெளுப்பு. அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அக்காவுக்குக் குமாரபாளையத்தில் இடம் அமைந்தது. கைத்தறி வியாபாரம் செய்கிற குடும்பம். பெண் பார்க்க வந்த அன்றும் நிச்சயத்தன்றும் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். அங்கே எனக்கு முறுக்குக் கொடுத்தார்கள், ஆகையால் நான் அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை. கல்யாணத்துக்குத் துணி எடுக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. எனக்குப் பாவாடை எடுக்கவில்லை.

"வாழப்பாடியில பெரியம்மா ஊட்டுல ரெண்டு நாளு இருக்கட்டும். தாலி ஏறின பொறவு யாரு பாத்தா என்ன?" என்று அம்மா சமையலறையில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவ வரலைன்னா நான் மணவறையில உக்கார மாட்டேன்" என்றாள் அக்கா.

"அவ வந்து, அதனால நீ உக்கார முடியாமப் போச்சுன்னா?"

அம்மா அழ ஆரம்பித்தாள். அம்மா கெட்டவள் அல்ல. ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும், இன்னொரு பெண் இப்படி ஒரு கன்னத்தோடு இருக்கிறாள், அம்மாவுக்கு இருப்பது இரண்டு கைதான். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மட்டும் அன்று ஒன்று தெளிவாகப் பதிந்துவிட்டது: அக்காவின் கல்யாணம் நடப்பதும் நிற்பதும் என் கன்னத்தில் இருக்கிறது.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அண்ணி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அத்தை, கொஞ்ச நாளு எங்கிட்ட உடுங்க. நான் ஏதாச்சும் பண்ணிப் பாக்கறனுங்க."

மறுநாள் என்னைப் புழக்கடைக்கு அழைத்துப் போய், துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார வைத்தாள். வெளிச்சம் நேராக விழுகிற இடம் அது. பவுடரை முழுக்கக் கழுவிவிட்டு வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்குக் கூச்சம் வரவில்லை. பட்டறையில் நூலைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"மொகத்தக் கொண்டுபோயி வெள்ளையில சேக்கக் கூடாது சாமி. வெள்ளையக் கொண்டாந்து மொகத்துல சேக்கணும்."

அன்று ஆரம்பித்தது. முதலில் மருதாணியைக் கரைத்து வைத்துப் பார்த்தாள். அது ஆரஞ்சு நிறத்தில் பிடித்தது. முகத்துக்குப் போடுகிற ஸ்னோவில் காவிக்கல்லைப் பொடித்துக் கலந்தாள்; ஈரத்தில் அசல் என் தோல் மாதிரியே இருந்தது, நான் குதித்தேன். "ஈரத்துல பாத்து ஏமாறப்படாது. காயட்டும், அப்பத்தான் நெறம் தெரியும்" என்றாள். காய்ந்ததும் செங்கல் ஆகிவிட்டது. காப்பி டிகாக்‌ஷனில் பவுடரைக் குழைத்தாள். நிறம் அருகில் வந்தது, ஆனால் எறும்பும் வந்தது. காப்பியில் யாரோ சர்க்கரை போட்டிருந்தார்கள்.

எதுவானாலும் முதலில் தன் முகத்தில்தான் பூசுவாள். எனக்கும் அவளுக்கும் ஒரே நிறம் என்பதால் அப்படி என்று சொன்னாள். பூசிக்கொண்டு ஒரு பகல் முழுவதும் வேலை செய்வாள்; அடுப்படி, தண்ணீர்க் குழாய், கடைத்தெரு எல்லாம் அந்த முகத்தோடுதான். மறுநாள்தான் எனக்கு. காத்திருக்க எனக்குப் பொறுமை இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அம்மாவிடம் மருமகள் ரொம்பத்தான் மினுக்கிக்கொள்கிறாள் என்று சொன்னார்கள். அண்ணனும் ஒருநாள் அவளுடைய மூக்கில் காவியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவள் அடுத்த கலவையைக் குழைக்கப் போனாள்.

அப்போது சேலத்தில் சினிமா எடுக்கிற கம்பெனி இருந்தது. எங்கள் தெருவில் ஒருவர் அங்கே தச்சு வேலைக்குப் போய்வந்தார். அவர் மனைவியிடம் சொல்லி, நடிகர்கள் முகத்தில் தடவுகிற மெழுகுக் குச்சி ஒன்றின் மிச்சத்தை அண்ணி வாங்கி வந்தாள். கட்டைவிரல் அளவு துண்டு. மெழுகும் அத்தரும் கலந்த ஒரு வாசனை. சினிமாவே வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி நான் அதை முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். உடனே வைக்கச் சொல்லி அழுதேன். அண்ணி கேட்கவில்லை. வழக்கம்போலத் தன் கன்னத்தில் தடவிக்கொண்டு மாவாட்டப் போனாள்.

மறுநாள் காலையில் அவளுடைய ஒரு பக்க முகம் தக்காளி மாதிரி வீங்கியிருந்தது. கண் பாதி மூடிக்கொண்டுவிட்டது.

"தாளிக்கறப்ப எண்ணெய் தெறிச்சுப்போச்சுங்க அத்தை" என்றாள் அம்மாவிடம். பிறகு என்னிடம், "இது நமக்கு ஆகாது சாமி" என்று சொல்லிவிட்டு அந்தத் துண்டைக் குப்பையில் போட்டாள். எனக்குத் துண்டு போனதில் வருத்தம். அவளுடைய வீக்கம் வடியும்வரை அந்த வருத்தத்தில் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை.

வீக்கம் வடிந்ததும், தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அண்ணி எடப்பாடிக்குப் போனாள். இரண்டு நாளில் திரும்பி வந்தபோது முந்தானையில் சாதிக்காய்களை முடிந்துகொண்டு வந்திருந்தாள். சந்தனக் கல்லில் சாதிக்காயை இழைத்தாள். அதோடு கொஞ்சம் சந்தனம், துளி கண் மை, காவியை மல் துணியில் சலித்துச் சிட்டிகை. எல்லாவற்றையும் ஸ்னோவில் குழைத்துத் தன் கையில், பிறகு கன்னத்தில் பூசி, காயவைத்து, மறுநாள் புழக்கடை வெளிச்சத்தில் என் கன்னத்தில் விரல் நுனியால் தட்டித் தட்டி வைத்தாள். ஓரங்களை மட்டும் ஈரத் துணியால் ஒற்றினாள். காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள். அவள் மூச்சில் கிராம்பு வாசனை அடித்தது.

கண்ணாடி தரவில்லை. "உள்ள போயி உங்கம்மாகிட்டச் சோறு கேளு" என்றாள்.

அம்மா தட்டு வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். வலது கன்னமா இடது கன்னமா என்று சந்தேகம் வந்தவள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு திரும்பி, ஏற்கெனவே கொதித்து இறங்கிய ரசத்தை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். அன்று சாயங்காலமே எனக்குப் பச்சைப் பாவாடை எடுத்தார்கள்.

கல்யாணம் வைகாசியில். குமாரபாளையத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால் தெருவை அடைத்துப் பந்தல். ஆற்றுக் காற்று வரும் என்றார்கள், வரவில்லை. விடியலிலேயே அண்ணி எனக்குப் பூசிவிட்டாள். "சிரிச்சுக்கோ, ஓடிக்கோ, என்ன வேணாப் பண்ணு. தொடைக்க மட்டும் தொடைக்காத" என்றாள்.

நான் ஓடவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சிரித்தால் கன்னம் மடியும், மடிந்தால் வெடிக்கும், வெடித்தால் கல்யாணம் நின்றுவிடும். தலையை அசைக்காமல் ஒரு தூணோடு சாய்ந்து நின்றேன். இட்லி வேண்டாம் என்றேன். அந்தக் கல்யாணப் போட்டோ இன்றும் இருக்கிறது. அதில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், நான் ஒருத்தி மட்டும் பல்வலிக்காரி போல நிற்கிறேன்.

அக்காவின் மாமியாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. பெரிய உருவம், கணீரென்ற குரல். பந்தலில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே நேராக என்னிடம் வந்தார்.

"ஏஞ்சாமி, பல்லு நோவுதா?"

இல்லை என்று கண்ணாலேயே சொன்னேன்.

"பொறவு என்னத்துக்கு இப்படி நிக்கற? வேத்து ஊத்துது பாரு." என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, தன் புதுச் சேலையின் முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டார்.

எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது. அவருடைய மஞ்சள் முந்தானையில் பழுப்பாக ஒரு தீற்று. அவர் அதைப் பார்த்தார். என் கன்னத்தைப் பார்த்தார். அவர் முந்தானையின் அந்தப் பகுதியை உள்ளே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வா, நாலு இட்லி தின்னுட்டு வந்து நில்லு. பசிச்ச வவுத்தோட நின்னா மயக்கம் வந்துரும்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய் இலை முன்னால் உட்கார வைத்தார். நான் தின்றுவிட்டு எழும்வரை எதிரிலேயே நின்றார்.

அண்ணி மணமேடையில் அக்காவோடு இருந்தாள். அவளிடம் போக முடியவில்லை. கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு, யாராவது எழுந்து 'நிறுத்துங்கள்' என்று சொல்லப்போகிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயர் மந்திரம் சொன்னார். கெட்டிமேளம் கொட்டியது. அக்காவின் கழுத்தில் தாலி ஏறியது. யாரும் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் கையை எடுத்தேன். அக்காவின் மாமியார் வந்து என் தலையில் ஒரு முழம் மல்லிகையை வைத்துவிட்டு, போகிற போக்கில் வெறும் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

வெள்ளை பிறகு வளர்ந்தது. இன்று கைகளிலும் கழுத்திலும் இருக்கிறது. அண்ணி பல வருஷம் எனக்கு அந்தக் குழம்பைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பூசாமல் போனாலும் ஒன்றும் இல்லை என்று எனக்கே ஒருநாள் தோன்றும்வரை கொடுத்தாள். அதன் பிறகு ஏன் கேட்கவில்லை என்று விசாரிக்கவும் இல்லை.

எனக்குக் குழந்தை பிறந்த பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் அக்காதான் சொன்னாள். அண்ணி எடப்பாடிக்குப் போன அன்றைக்கு அங்கே யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. அக்கா கேட்டுக்கொண்டபடி அண்ணி தன் அப்பாவை அழைத்துக்கொண்டு குமாரபாளையத்துக்குப் பஸ் ஏறியிருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மாவிடம், "பொண்ணோட தங்கச்சிக்குக் கன்னத்துல வெள்ளை உளுந்திருக்குதுங்க. ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லீட்டாருங்க. தெரிஞ்சுக்கிட்டுத்தான் நீங்க செய்யோணும்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா, "அதுக்கென்னுங்க, புள்ளையக் கூட்டிட்டு வாங்க" என்றாராம். இது எங்கள் அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்து வருஷம் திரும்பாத மருமகள் செய்த காரியம் அது. கல்யாணம் நின்றிருந்தால் அண்ணியின் கதி என்னவாகியிருக்கும்? அப்படியானால் எனக்கு எதற்குப் பூசினீர்கள் என்று அண்ணியைப் போய்க் கேட்டேன். "நீ பாவாடை கட்டிக்கிட்டுச் சந்தோசமா வரணும்ல?" என்றாள்.

ஆனால் அந்த வைகாசியில் எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், முந்தானையில் நிறம் ஒட்டியும், கன்னத்தை அத்தனை கிட்டத்தில் பார்த்தும் அக்காவின் மாமியாருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான். பாவம், அவருக்குக் கண் சரியில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அவர் வாசலில் நின்றே தறியில் அறுந்த இழையைக் கண்டுபிடித்துவிடுபவர் என்பதை எனக்கு யார் சொல்வார்கள்? அதன் பிறகு லீவுக்குக் குமாரபாளையம் போகும்போதெல்லாம், படித்துறையில் அவர் விழுந்துவிடக் கூடாது என்று முன்னால் போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன். "இங்க ஒரு படி இருக்கு அத்தை, பாத்து" என்பேன். அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்கிற ஒவ்வொரு படிக்கும் "சரி சாமி" என்று சொல்லி மெதுவாக இறங்கி வருவார்.