கிட்னிக்குக் காரணம் கேட்டேன்

இன்னிக்கு டயாலிசிஸுக்காக ஆம்பூர்லேர்ந்து வேலூர் பஸ் ஏறினேன்.

பக்கத்து சீட்டுக்காரர் என் கையில இருந்த ஊசித் தழும்பைப் பார்த்துட்டு விசாரிச்சார். சொன்னேன்.

"கர்த்தர் நல்லவர்மா. காரணமில்லாம எதையும் தர மாட்டார்"ன்னார்.

எனக்கு பேஜாராயிடுச்சு. "நானும் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவதான்ணா. என் கிட்னியைக் கெடுக்க அவருக்கு இன்னா காரணம்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "என் பொண்ணு வேலூர்ல கேன்சர் வார்டுல இருக்காம்மா. நானும் மாசக் கணக்கா கேக்கறேன். அவர் வாயே தொறக்கல."

அப்புறம் வேலூர் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து கர்த்தரைத் திட்டித் தீர்த்தோம். நான் கேள்விப்படாத வசவெல்லாம் அவருக்குத் தெரியுது!

இறங்கும்போது மனசு லேசாயிடுச்சு.

இது ஜெபத்துல சேருமா, சேராதா? சபைக்காரங்க யாராவது சொல்லுங்க.