நடுவில் நிற்கிற வீடு

எங்கள் பக்கத்தில் கையில் தாளோடு யாராவது படலையைத் திறந்தால் அது நிவாரணப் பதிவு என்றுதான் அர்த்தம். இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, மறுபடியும் இடம்பெயர்ந்து பழகிய சனம் வேறு எப்படி நினைக்கும்? திருகோணமலையிலிருந்து ஒரு மிஸ் வீடு வீடாக வருமானம் கேட்டு வருகிறார் என்ற கதை எங்கள் ஊரான இறக்கக்கண்டிக்கு வந்து சேர்ந்ததும், அம்மா எங்கள் பிரிட்ஜை அடுத்த வளவிலிருந்த மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்பாவும் மாமாவும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வேலியில் இரண்டு கிடுகைக் கழற்றி, அந்த இடைவெளியால் அதைத் தூக்கிப் போனார்கள். அப்போது அப்பாவுக்குச் சொந்தமாகப் படகும் எஞ்சினும் இருந்தன. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

மிஸ் இளம்பெண். கதிரையில் அமர்ந்து, மாதம் எவ்வளவு வரும் என்று மரியாதையாகக் கேட்டார்.

"என்னத்தைச் சொல்லுறது பிள்ளை, கடலை நம்பின சீவியம்" என்று அம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, படகு கரையில் கிடக்கும் மாரிகாலத்து வரும்படியை முழு வருடத்துக்கும் பொதுவாகச் சொன்னார்.

மிஸ்ஸுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "இது நிவாரணத்துக்கு இல்லை அக்கா. எல்லா வீட்டையும் வருமானம் குறைஞ்சதிலையிருந்து கூடினது வரைக்கும் வரிசையா நிப்பாட்டினால், நடுவிலை நிக்கிற வீட்டுக்கு எவ்வளவு வருது எண்டு பாக்கத்தான். கொஞ்ச வருசம் கழிச்சு இதே வீடுகளிட்டை வந்து திரும்பவும் கேப்பம்."

அம்மா அதை நம்பவில்லை. நான் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் உயரப்படி வரிசையாக நிற்கும்போது எப்போதும் முன்னுக்கு நிற்கிற குள்ளப் பிள்ளை நான். இப்போது அம்மா வீட்டையும் கொண்டுபோய் முன்னுக்கு நிறுத்திவிட்டாரே என்று வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. மிஸ் போனதும், "ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு போய்ப் படிக்கும்படி உத்தரவு கிடைத்தது.

நான் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது மிஸ் சொன்னபடியே திரும்பி வந்தார். அதற்கு முந்திய மாரி தொடங்குகிற நேரத்தில் எங்கள் படகு பாறையில் அடிபட்டு உடைந்து, எஞ்சினும் கடலோடு போயிருந்தது. அப்பா வேறொருவரின் கரைவலையில் கயிறு இழுக்கப் போய்க்கொண்டிருந்தார். பிரிட்ஜை மாமாவே விலைக்கு எடுத்துக்கொண்டார். முன்பு ஒளித்து வைத்த வீட்டுக்கே அது சொந்தமாகிவிட்டது.

மிஸ் வருகிற அன்று காலையில் அம்மா மாமியின் குசினி வாசலில் போய் நின்றார். நானும் பின்னால் நின்றேன்.

"மச்சாள், பிரிட்ஜை இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் தாறீங்களே?"

மாமிக்கு விளங்கவில்லை. "ஏன் மச்சாள், இப்பதானே உள்ளதைச் சொல்ல வேணும்? ஏதும் தந்தாலும் தருவினம்."

"ஏலாது மச்சாள். இருக்கேக்கை இல்லையெண்டு சொல்லிப்போட்டன். இப்ப உண்மையா இல்லாத நேரத்திலை அதைச் சொல்ல எனக்கு வாய் வராது."

மாமி பிரிட்ஜின் வயரைக் கழற்றினார். பிரிட்ஜ் அதே வேலி இடைவெளியால் எங்கள் வீட்டுக்கு வந்தது. உள்ளே மாமியின் மீன் இருந்தது. அம்மா நல்ல சேலை உடுத்திக்கொண்டு, படகு இருந்த நாளில்கூட நாங்கள் கண்டிராத ஒரு தொகையைச் சொன்னார். நான் பிரிட்ஜில் சாய்ந்தபடி நின்றேன். இந்த முறை எனக்கு வெட்கமே வரவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

மிஸ் பழைய கணக்கைப் பார்த்துவிட்டு மனம் நிறைந்து சிரித்தார். "நல்லா முன்னேறியிருக்கிறீங்கள் அக்கா. இந்த முறை நடுவிலை நிக்கிற வீடுகளோடை வந்திடுவீங்கள்."

"ஓம் பிள்ளை" என்றார் அம்மா. தேத்தண்ணீர் ஊற்ற என்று குசினிக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை.

எனக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. இந்தச் செய்தியை அப்பாவுக்குச் சொல்ல வேண்டுமே. கடற்கரைக்கு ஓடினேன். வலை பாதி தூரம் வந்திருந்தது. பத்துப் பதினைந்து பேர் கயிற்றைப் பிடித்து வரிசையாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அந்த வரிசையின் நடுவில் நின்றார்.

"அப்பா, நாங்கள் நல்லா முன்னேறிட்டமாம். மிஸ் எழுதிக்கொண்டு போறா."

முன்னுக்கு நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்து, "அப்ப அண்ணை, நாளையிலையிருந்து நீங்கள்தான் எங்களுக்குச் சம்பளம் தர வேணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்பா மட்டும் தலையை நிமிர்த்தாமல் மணலில் காலை ஊன்றிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

அலைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னும் கிட்டப் போய், இன்னும் உரத்துச் சொன்னேன்.