பேர் மாற்றிய ஃபைல்

என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் ஒரு கல்லூரி லேபில் வேலை பார்த்தான். 2012-இல் அவன்தான் அந்தக் கண்றாவியை எனக்குக் காட்டினான். டிவி பார்ப்பதற்கென்று விற்கிற, கட்டைவிரல் நீளக் குச்சி ஒன்று. கம்ப்யூட்டரில் செருகினால் அது ரேடியோவாகிவிடும். ஸ்டேஷன் பிடிப்பது, சத்தத்தைப் பிரிப்பது எல்லாம் ப்ரோக்ராமே பார்த்துக்கொள்ளும். ஏரியல் மட்டும் வெளியே வேண்டும்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் ஏரியல் கட்டித் தருகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. புது ஆள் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு ஏரியல் கட்டிக் காட்டு, நன்றாக எடுத்தால் இனி கல்லூரிக்கு வேண்டியதெல்லாம் உன்னிடமே என்று அங்கிருந்த பேராசிரியர் மச்சானிடம் சொல்லி அனுப்பினார். எனக்கு அது பெரிய விஷயம். அலுமினியக் குழாய்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாடியில் ஏரியலை நிறுத்தி லேபுக்குள் ஒயரை இறக்கினேன். மச்சான் வீட்டில் பாடின ப்ரோக்ராம் கல்லூரிக் கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை. ஒரு வரி இங்கிலீஷைக் காட்டிவிட்டு நின்றது.

"லைப்ரரி இல்லைங்குது மாமா" என்றான்.

எனக்குத் தெரிந்த லைப்ரரி மஞ்சக்குப்பத்தில் பேப்பர் படிக்கிற இடம். அவன் சலித்துக்கொண்டே விளக்கினான். ப்ரோக்ராம் தன் வேலையில் பாதியை வேறு ஃபைல்களிடம் விட்டுவிடுமாம். அவற்றுக்குத்தான் லைப்ரரி என்று பேராம். இது கேட்பது புது வெர்ஷன், இங்கே இருப்பது பழசு. புதுசை நெட்டில் இறக்கி ஏற்ற அரை நாள் ஆகும். சாரோ சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்.

அப்புறம் அவன் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய ஃபைலை ஒரு பிரதி எடுத்து, அதன் பேரில் இருந்த பழைய நம்பரை அழித்துப் புது நம்பரை அடித்தான்.

"பேர மாத்துனா அது புதுசாயிடுமா மச்சான்?"

"கம்ப்யூட்டரு பேரத்தான் பாக்கும் மாமா. உள்ள பூந்தா பாக்கப் போவுது?"

எங்கள் தொழிலிலும் இது உண்டு. மட்டமான டிரான்சிஸ்டரின் நம்பரைச் சுரண்டிவிட்டு நல்ல கம்பெனி நம்பரை அச்சடித்து விற்பார்கள். வாங்கிப் போட்டால் ஒரு நாள் ஓடும், மறுநாள் கருகும். அந்த நாற்றம் கம்ப்யூட்டருக்குள்ளும் வந்துவிட்டதா என்று நினைத்தேன்.

ப்ரோக்ராம் திறந்துகொண்டது. மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். பேராசிரியர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு 'ஸ்ஸ்' சத்தம் வந்தது, பாட்டு வருகிற மாதிரி ஏதோ இழுத்தது, அதோடு திரையிலிருந்த ப்ரோக்ராம் ஜன்னலே மறைந்துபோயிற்று. மறுபடி திறந்தான். மறுபடி மறைந்தது.

"சிக்னல் பத்தல சார். ஏரியல் கொஞ்சம் வீக்கு" என்றான் மச்சான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பேராசிரியர் மாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சரி, கடையில் நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஏரியலில் குறையில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கை மிச்ச ஒயரைச் சுருட்டத் தொடங்கியது.

அவர் போன பிறகு மச்சான் நிதானமாகப் புது வெர்ஷனை இறக்கி ஏற்றினான். சாயங்காலம் பாண்டிச்சேரி ஸ்டேஷன் கணீரென்று பாடியது. என் ஏரியலில்தான். அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். ஒரு துளி வெட்கமில்லை.

"சார்கிட்ட சொல்லு மச்சான். ஏரியல்ல கோளாறு இல்ல, ஃபைல்லதான்னு."

"சொன்னா எம் பேரு கெட்டுடும்ல மாமா. நீங்க இந்த ஊர்லயா பொழைக்கிறீங்க?"

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாடிக்குப் போனேன். ஸ்பேனரை எடுத்து முதல் நட்டைக் கழற்றினேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் இருங்கள் என்று கீழேயிருந்து கத்தினான். நான் அடுத்த நட்டுக்குப் போனேன்.